சீல் விழுந்த வோட்டு

1. டப்

துபாய் கராமாவில் ஒரு டைப்பிங் சென்டரில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். விசா ஃபாரம், வீட்டு ஒப்பந்தம், லேபர் கான்ட்ராக்ட், பெயர்த் திருத்தம் என்று என் கை படாத பேப்பர் இந்த ஏரியாவில் குறைவு. படிப்பு பத்தாம் வகுப்பு. இங்கிலீஷும் அரபியும் கீபோர்டு சொல்லிக் கொடுத்தவைதான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், "ஃபாரம்ல தப்பு விழுந்துட்டா என்னண்ணே பண்றது?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான். இதில் தப்பு என்னுடையது. பெருமையிலும் எனக்குக் கொஞ்சம் பங்கு உண்டு.

ஒரு நாள் மாலை மிஸ்டர் கிளாரன்ஸ் கடைக்கு வந்தார். அமெரிக்கர், எழுபது தாண்டியவர், எங்கள் பழைய கஸ்டமர். கையில் ஒரு தபால் கவர். வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கர்கள் தபாலில் வோட்டுப் போடலாம். அவர்கள் நாட்டில் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால், கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய மாநிலம் மாநிலமாக ஒரு வோட்டு நடக்கும். அது அந்த வோட்டு. அவர் மாநிலத்தில் தபால் வோட்டுக்கு ஒரு சாட்சி கட்டாயம். வெளிநாட்டில் இருப்பவருக்குச் சாட்சி அமெரிக்கராக இருக்க வேண்டியதில்லை, வயது வந்த ஆளாக இருந்தால் போதும்.

"சாட்சிக் கையெழுத்தை நீயே போடு, சூசை," என்றார். அவர் பேசுவது ஆங்கிலம். என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன்.

சாட்சி கூடவே இருக்க வேண்டும், ஆனால் யாருக்கு வோட்டு என்று பார்க்கக் கூடாது. அது விதி. அவர் வோட்டுச் சீட்டோடு ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்து சீட்டில் இருந்த முருகேசன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "யாருக்குன்னு கராமா முழுக்கத் தெரியும், இதுல ரகசியம் வேற," என்று முணுமுணுத்தான். முருகேசன் அறந்தாங்கிக்காரன். என் ரூம்மேட், கடையில் என் ஜூனியர், வாய் மட்டும் சீனியர்.

சீட்டைக் கவருக்குள் வைத்து ஒட்டினார். கவரின் வெளிப்பக்கம் அச்சிட்டிருந்த உறுதிமொழிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே நான் போட்டேன். பெயர் எழுதினேன். அடுத்த கட்டம் சாட்சியின் முகவரி. தெரு, வீட்டு எண், ஊர்.

அங்கேதான் பேனா நின்றது. வளைகுடாவில் எங்களைப் போன்றவர்களுக்கு ஏது முகவரி? பி.ஓ. பாக்ஸ் நம்பர்தான். அதுவும் கம்பெனியுடையது. எங்கள் கடை சீலில் எல்லாம் இருக்கிறது. கடைப் பெயர், லைசன்ஸ் நம்பர், பி.ஓ. பாக்ஸ், துபாய், சுற்றிலும் அரபி எழுத்து. இதைவிட நல்ல முகவரி எங்கே கிடைக்கும்? போதாததற்கு, இந்த ஊரில் கையெழுத்து இருந்து சீல் இல்லையென்றால் எந்தக் கவுண்டரும் பேப்பரைத் தொடாது. மூளையைக் கேட்காமல் கை போய்விட்டது.

டப்.

நீல வட்டம் முகவரிக் கட்டத்தில் பாதி, மிஸ்டர் கிளாரன்ஸ் கையெழுத்தின் மேல் பாதியாக உட்கார்ந்திருந்தது.

முருகேசன்தான் முதலில் பார்த்தான். "அண்ணே, அது கவர்மெண்டு கவருண்ணே. நம்ம கவர்மெண்டு கூட இல்ல."

மிஸ்டர் கிளாரன்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு கவரைப் பார்த்தார். "இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு, சூசை," என்றார். ஒன்பது நாளுக்குள் அந்தக் கவர் அவர் ஊரில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்தாலும் இந்தக் கோலத்தில் எடுத்துக்கொள்வார்களா என்பது தெரியாது.

2. சும்மாவிடு ஐயா

யாருக்கு அந்த வோட்டு என்பதைச் சொல்ல வேண்டும்.

மிஸ்டர் கிளாரன்ஸ் வெல்டிங் இன்ஸ்பெக்டர். சவூதியின் ஜுபைலில் பைப்லைன் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, கூப்பிட்டால் ஆலோசனைக்குப் போகிறவராகக் கராமாவில் தங்கிவிட்டார். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வருவார். வந்தால் அரைமணி நேரம் பேச்சு. அந்த வருடம் பேச்செல்லாம் ஒரே ஆளைப் பற்றி.

அந்த ஆள் அவர் மாநிலத்துக்குப் பக்கத்து மாநிலத்துக்காரர். டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்து அரசியலுக்கு வந்தவர். ஜனாதிபதி ஆகப் போகிறேன் என்று ஒரு பழைய வேனில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். ஜெயிக்க மாட்டார் என்பது அவருக்கே தெரியும். அவர் சொன்னது ஒன்றுதான்: அரசாங்கம் மனிதரை அவர் பாட்டுக்கு விட வேண்டும். வாசலில் மேசை போட்டுச் சோளம் விற்கிற பாட்டிக்கு நாலு பெர்மிட் எதற்கு? அடுத்த வீட்டுச் சண்டைக்கு நம் பிள்ளைகளை எதற்கு அனுப்புகிறோம்?

இதைக் கேட்டுவிட்டு முருகேசன் சொன்னான்: "அதாவதுண்ணே, எல்லாரையும் சும்மா விடுங்கறாரு."

'சும்மா' என்றால் என்ன என்று மிஸ்டர் கிளாரன்ஸ் கேட்டார். இலவசம் என்றேன். வேலையில்லாமல் இருப்பது என்றேன். விளையாட்டுக்குச் சொன்னது என்றேன். அடிக்கடி என்றும் ஒரு அர்த்தம் உண்டு என்றேன். அவர் ஒவ்வொன்றையும் விரல் விட்டு எண்ணிவிட்டு, "இந்த ஒரு வார்த்தை அவருக்குத் தெரிஞ்சிருந்தா இவ்வளவு பேச வேண்டியிருக்காதே," என்றார். அன்றிலிருந்து அந்த வேட்பாளர் எங்களுக்குச் சும்மாவிடு ஐயா ஆகிவிட்டார்.

எங்கள் ரூமில் ஆறு பேர். பைப் ஃபிட்டர், சமையல்காரர், டெலிவரி ஓட்டுகிறவர் என்று ஆளுக்கொரு டூட்டி. சாப்பிடும்போது யாராவது போனில் சும்மாவிடு ஐயாவின் கூட்டத்தைப் போடுவார்கள். பள்ளிக்கூட ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, முன்வரிசையில் நாலு தொப்பி. முருகேசன் தலையை எண்ணிவிட்டு, "நம்ம ரூம்லயே கூட்டம் இதவிட ஜாஸ்தி," என்பான். ஆனாலும் கருத்துக்கணிப்பில் அவர் பெயர் கடைசிக்கு முந்தின இடத்துக்கு வந்த அன்று அவன்தான் எல்லாருக்கும் டீ போட்டான்.

எனக்கு அவர் பேச்சில் பாதிதான் ஒத்துவரும். பெர்மிட்டும் ஃபாரமும் இல்லையென்றால் என் கடை எதற்கு, நான் எதற்கு? இதை மிஸ்டர் கிளாரன்ஸிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். "சார், ஒரு கொத்தனாருக்கு கான்ட்ராக்ட் டைப் பண்ணினேன். சைட்ல அவரை ஹெல்ப்பர்னு சொல்லி மாத்தப் பாத்தாங்க. பேப்பர்ல 'மேசன்'னு இருந்தது. பேப்பர்தான் அவருக்காகப் பேசிச்சு. ஏழைக்குப் பேச ஆள் கிடையாது, பேப்பர்தான் உண்டு."

அவர் சிரித்தார். "அது நீ எழுதின பேப்பர், அதனால நல்ல பேப்பர். உலகத்துல எல்லாப் பேப்பரையும் நீயா எழுதுறே?"

நான் அவருடைய வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, இன்னொரு தடவை வரி வரியாகச் சரிபார்த்தேன்.

3. கிளார்க் அம்மா

மிஸ்டர் கிளாரன்ஸின் ஊர் அமெரிக்காவின் வடக்கே, பனி கொட்டுகிற ஒரு சின்ன ஊர். அங்கே தேர்தல் வேலை பார்ப்பது ஒரு பெண் கிளார்க். ஆபீஸ் என்பது அவர் வீட்டு முன்னறைதான். அங்கே காலை ஒன்பது என்றால் எங்களுக்கு மாலை ஏழு. சீல் விழுந்த அன்று, அந்த ஏழு மணி வரை மிஸ்டர் கிளாரன்ஸ் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் முதலாளி ஹம்சாக்கா மலையாளி; அந்த 'க்கா' அவர்கள் வழக்கில் அண்ணன். உள்ளே வந்தவர் கவரைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்தா சூசை, அமெரிக்கன் எலெக்‌ஷன் ஆபீஸுக்கு நம்ம கடை பிராஞ்ச் ஆயோ?"

நான் சீலை ஃபைலுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

ஏழு மணிக்கு மிஸ்டர் கிளாரன்ஸ் அந்தக் கிளார்க்குக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். மறுபக்கம் ஒரு வயதான குரல், பின்னால் நாய் குரைக்கும் சத்தம்.

"சீலா? என்ன சீல்?"

"சாட்சி அடிச்சது," என்றார் மிஸ்டர் கிளாரன்ஸ்.

"சாட்சி எதுக்குச் சீல் அடிக்கணும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் போனருகில் குனிந்தேன்.  "மேடம், சாட்சி நான்தான். இங்க சீல் இல்லாம கையெழுத்து மட்டும் இருந்தா யாரும் நம்ப மாட்டாங்க. நல்லதுக்குன்னு நினைச்சு அடிச்சுட்டேன்."

நாய் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தது. பிறகு அந்த அம்மா சிரித்தார். சிரித்து முடித்ததும் குரல் வேலைக்குத் திரும்பிவிட்டது. "இங்கே கையெழுத்தை மட்டும்தான் நம்புறோம். அதனாலதான் அதுமேல எதுவும் விழக் கூடாது. கையெழுத்துத் தெரியலேன்னா எண்ணுற மேசையில யாராவது ஆட்சேபம் சொல்லலாம். நான் ஒருத்தியா முடிவு பண்ண முடியாது."

"அப்ப என் வோட்டு?" என்றார் மிஸ்டர் கிளாரன்ஸ். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"இன்னைக்கே வேற சீட்டும் வேற உறுதிமொழியும் ஈமெயில்ல அனுப்புறேன். பிரிண்ட் எடுத்து, முதல்லேர்ந்து போட்டு, கூரியர்ல அனுப்புங்க. பழைய கவரைப் பிரிக்காம வெட்டிப் போட்டுடுங்க. அப்புறம் சாட்சி சார், பி.ஓ. பாக்ஸ் செல்லாது. நீங்க தூங்குற வீடு எங்க இருக்குன்னு எழுதணும்."

எழுத வேண்டிய முகவரியை ஒரு ஆபீசர் இப்படிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. 'நீங்க தூங்குற வீடு' என்ற அந்தச் சொல்லை அன்று ராத்திரி முழுக்க எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4. வீட்டு எண்

எங்கள் பில்டிங்குக்கு எங்கள் வாயில் பெயர் 'மீன்கடை மாடி'. டாக்ஸிக்காரருக்கு அது போதும். ஊருக்குப் பார்சல் அனுப்புகிறவருக்கு அது போதும். அதற்கு ஒரு எண் உண்டு என்பதை நான் யோசித்ததே இல்லை. ஊரெல்லாருக்கும் வாடகை ஒப்பந்தம் அடித்துக் கொடுக்கிறவன் நான். என் ரூம் ஒப்பந்தம் வேறொருவர் பெயரில்.

மறுநாள் காலை டூட்டிக்குப் போகும் முன் நோட்டும் பேனாவுமாகக் கீழே இறங்கினேன். சுவரில் ஒரு தகடு, அதில் பத்து இலக்கத்தில் பில்டிங் நம்பர். தெரு முனையில் நீலப் பலகையில் தெருவின் எண். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, எழுதியதைத் தகட்டோடு இரண்டு தடவை ஒத்துப் பார்த்தேன்.

வாட்ச்மேன் மலையாளத்தில் கேட்டார். "எந்தா சூசை சேட்டா, பில்டிங் வாங்கான் போகுன்னோ?"

"வாங்கல சேட்டா. நான் இங்கதான் இருக்கேன்னு அமெரிக்காவுக்குச் சொல்லணுமாம்."

"இத்தனை வருஷம் எவிட இருந்து?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

5. விட்டுட்டாரு

கடைக்கு வந்ததும் ஈமெயிலைத் திறந்து பிரிண்ட் கொடுத்தேன். உறுதிமொழியின் வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அந்த ஓரத்தில்தான் சாட்சியின் முகவரிக் கட்டம்! மறுபடி பிரிண்ட் கொடுத்தேன், மறுபடியும் அப்படியே வந்தது. பிறகு புரிந்தது. அவர்கள் தாள் எங்கள் ஏ-ஃபோரைவிடக் குட்டை, ஆனால் அகலம் கூட. எங்கள் மிஷின் தன் இஷ்டத்துக்கு ஓரத்தை வெட்டியிருந்தது. செட்டிங்கை மாற்றித் தாளுக்குள் அடங்கும்படி எடுத்தேன். எல்லாக் கட்டமும் வந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்து, எழுத்து எழுத்தாக ஸ்கிரீனோடு ஒப்பிட்டேன். சீலை எடுத்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டிச் சாவியை ஹம்சாக்காவிடம் கொடுத்துவிட்டேன். என் கைமேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

அப்போது முருகேசன் போனைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணே. நம்மாளு விட்டுட்டாருண்ணே."

"யாரு, எதை விட்டாரு?"

"சும்மாவிடு ஐயா. போட்டியிலேர்ந்து விலகிட்டாராம். நேத்து ராத்திரி அறிவிச்சுட்டாரு."

நான் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாளே நான் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டிருந்தால் கவர் கூரியரில் ஏறியிருக்கும். விலகினார் என்ற செய்தி, வோட்டு போன பிறகு வந்திருக்கும். இப்போது புதுச் சீட்டு மேசைமேல் வெள்ளையாகக் கிடந்தது. போடுவதா வேண்டாமா என்று அந்த மனிதரை யோசிக்க வைத்தது என் ஒரு டப்.

"லேய் முருகேசா, நீ ஒண்ணும் பேசாத கேட்டியா? எனக்க வாயால நானே சொல்லுதேன்," என்றேன். என் குமரித் தமிழ் பதற்றத்திலும் பாசத்திலும்தான் வெளியே வரும்.

மிஸ்டர் கிளாரன்ஸ் பதினொரு மணிக்கு வந்தார். சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, சர்ச்சுக்குப் போகிறவரைப் போல வந்திருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

"தெரியும்," என்றார். "சீட்டு வந்துச்சா?"

"வந்திருக்கு சார். ஆனா அவர்தான் இல்லையே?"

"சீட்டுல பேர் இருக்கா?"

"இருக்கு. முன்னமே அச்சடிச்சதாச்சே."

"அப்ப என்ன?"

முருகேசனால் பொறுக்க முடியவில்லை. "சார், தோத்தவருக்குப் போட்டாக் கூட ஒரு நியாயம் இருக்கு. ஓட்டத்தையே நிறுத்திட்டவருக்கு எதுக்கு சார்? வேஸ்ட்டு."

மிஸ்டர் கிளாரன்ஸ் அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "முருகேசன், அவருக்கு வேலை வாங்கித் தரவா நான் வோட்டுப் போடுறேன்? என் வீடு வித்தாச்சு. என் மனைவி அந்த ஊர்க் கல்லறையில இருக்கா. முப்பது வருஷமா நான் அங்கே இல்ல. அந்த ஊர்ல என் பேர் இப்ப எழுதியிருக்கிற ஒரே இடம் வாக்காளர் லிஸ்ட்டு. அந்த ஒரு வரிக்கு எதிரே நான் நினைக்கிறதைச் சொல்லணும். அவர் விலகினா விலகட்டும். நான் விலகல."

முருகேசன் எழுந்து போய் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் கிடந்த டோனர் டப்பாக்களை ஒதுக்கி இடம் செய்து, மேலே இருந்த தூசியைத் துடைத்துவிட்டு, "வாங்க சார்," என்றான். இந்தத் தடவை ஜோக் எதுவும் அடிக்கவில்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பெயருக்குக் கீழே ஃபிளாட் நம்பர், பில்டிங் நம்பர், தெரு நம்பர், கராமா, துபாய். அரபி டைப் அடிக்கும்போது ஒரு புள்ளி இடம் மாறினால் ஒரு மனிதனின் பெயரே மாறிவிடும் என்று பயந்து பயந்து அடித்த அதே கவனத்தோடு எழுதினேன். பழைய கவரைக் கத்தரியால் நாலாக வெட்டினேன். கூரியர் ஆபீசுக்கு மூன்று பேருமாகவே நடந்தோம்.

6. ஒன்று

நாலாம் நாள் கவர் சேர்ந்துவிட்டது என்று கிளார்க் அம்மாவிடமிருந்து ஒரு வரி வந்தது. ஏற்றுக்கொண்டார்களா என்பது அதில் இல்லை. எண்ணுகிற அன்றுதான் தெரியுமாம். அதுவரை நான் அடித்த ஃபாரங்களை முருகேசன் இரண்டாம் தடவை பார்த்தான். நான் தூக்கத்தில் நடப்பவன்போல வேலை செய்ததாக ஹம்சாக்காவிடம் சொல்லியிருக்கிறான்.

வோட்டு நடந்து இரண்டு நாள் கழித்து மிஸ்டர் கிளாரன்ஸ் வந்தார். கவுண்டரில் போனை வைத்தார். அவர் ஊரின் முடிவு, வேட்பாளர் வாரியாக. ஜெயித்தவர் மேலே. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று கீழே போகப் போக எண்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. கடைசியில் சும்மாவிடு ஐயாவின் பெயர். எதிரே ஓர் எண்.

ஒன்று.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முருகேசன் என் தோள்மேல் எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணுதானா?" என்றான். அடுத்த நொடி கடையே அதிரக் கத்தினான். "அண்ணே! ஒண்ணுன்னா அது நம்மதுண்ணே! வேற யாரும் போடல. அப்ப அது சார் போட்டது! எண்ணிட்டாங்கண்ணே!"

விசா ஃபாரத்துக்கு உட்கார்ந்திருந்த பாகிஸ்தானி டிரைவர் ஒருவர், "க்யா ஹுவா பாய்?" என்று பதறி எழுந்தார். "எலெக்‌ஷன் ஜீத் கயா," என்றான் முருகேசன். அந்த டிரைவர் யார் ஜெயித்தது என்று கேட்காமல் எங்கள் எல்லாருக்கும் கைகொடுத்தார்.

மிஸ்டர் கிளாரன்ஸ் இன்னொன்றும் காட்டினார். கிளார்க் அம்மா எழுதியது. "உங்கள் சாட்சியிடம் சொல்லுங்கள். மேசையில் இருந்த எல்லாரும் அவர் முகவரியை வாசித்தோம். எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் எழுத்து இவ்வளவு தெளிவாக இல்லை." என்னிடம் படிக்கச் சொன்னார். படித்தேன். என் எழுத்தைப் பற்றி ஓர் அரசாங்க மனுஷி எழுதியதை நான் வாழ்க்கையில் படித்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று கடை மூடும் முன் முருகேசன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். வேறு மாதிரிக் குரலில் கேட்டான்.

"அண்ணே, அறந்தாங்கி லிஸ்ட்டுல என் பேரு இருக்கான்னு பாக்க முடியுமா?"

பார்த்தோம். இல்லை. வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது, எப்போதோ எடுத்திருப்பார்கள். நான் என்னுடையதைப் பார்த்தேன். என்னுடையதும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் பாஸ்போர்ட் முகவரியை வைத்துப் பெயர் சேர்க்க ஒரு படிவம் இருக்கிறது. எங்களுக்குத் தபால் வோட்டு கிடையாது, நேரில்தான் போய்ப் போட வேண்டும். எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஃபாரம் நிரப்பிய கடையில், எங்கள் இருவருக்காக நாங்கள் நிரப்பிய முதல் ஃபாரம் அது.

"லீவை எலெக்‌ஷனுக்குப் பாத்துப் போடணும்ண்ணே," என்றான். "யாருக்குப் போடுவேன்னு மட்டும் கேக்காதீங்க."

"நான் எதுக்குலே கேக்கணும்?" என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கவுண்டரில் ஒரு பேப்பர் வந்தால் முதலில் அதை முழுக்கப் படியுங்கள். அது கேட்காததைக் கொடுக்காதீர்கள், கேட்டதில் ஒரு எழுத்தும் விடாதீர்கள். அதில் இருப்பது உங்களுக்குச் சரியாகப் படலாம், படாமலும் போகலாம். ஜெயிக்கிற பேப்பரா தோற்கிற பேப்பரா என்று பார்ப்பது நம் வேலை இல்லை. அதைக் கொண்டுவந்தவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நிற்கிறார். அவர் சொல்ல வந்தது சேர வேண்டிய மேசையில் படிக்கிறபடி போய்ச் சேர வேண்டும். அந்த ஊர் முடிவில் கடைசி வரியில் இருக்கிற 'ஒன்று', இங்கே கராமாவில் எங்கள் மேசையிலிருந்து போனது.